நாலு விரற்கடை

படியில் இறங்கும்போது தரை வரவில்லை.
கால் ஒருகணம் காற்றில் நின்று தேடியது.
'வீடு உசந்துபோச்சு வெள்ளத்தாயி' என்கிறான் மாயழகு,
ஜாக்கிக் கம்பியைத் துடைத்துக்கொண்டே,
மாடி கட்டி முடித்தவன் தோரணையில்.
நாலு விரற்கடை. அளந்து பார்த்தேன்.

வீடு என்றால்
பொலீரோவின் வாலில் மாட்டி இழுக்கும் தகரப்பெட்டி.
பதினோரு அடி, ஒற்றை அச்சு,
ஒரு கட்டில், ஒரு ஸ்டவ்,
மிச்ச இடமெல்லாம் கண்ணாடியும் பீங்கானும்.
வளையம் போடும் கடை எங்களுக்கு.
இருபது ரூபாய்க்கு ஐந்து வளையம்,
விழுந்தால் கோப்பை, இல்லை வால் நிமிர்த்திய நாய்.
எந்த ஊரில் பொங்கல் சாட்டினாலும்
மறுவாரம் அங்கே நிற்போம்.

சரக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவது என் வேலை.
அட்டைப்பெட்டிகளுக்கு முதுகை முட்டுக்கொடுத்து,
கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றி.
ஷாக் அப்சார்பர் என்று அந்த வண்டிக்கு ஒன்று இருந்ததென்றால்
அது நான்தான்.
ரோடுகளை எனக்குக் கண்ணால் தெரியாது,
ஜன்னலை மறைத்துப் பெட்டி அடுக்கியிருக்கும்.
வாடிப்பட்டி வந்தால் இடுப்புக்குத் தெரியும்.
கருமாத்தூர், பல்லுக்கு.

ஒரு நோட்டு போட்டிருந்தேன்.
மேலூர் – நத்தம்: கோப்பை மூணு.
சோழவந்தான்: ஜாடி ஒன்று, மூடி மட்டும் தப்பித்தது.
பேரையூர் ரோடு: எழுதி மாளாது.
திருமங்கலம் – உசிலம்பட்டி, ஆவணி ஒன்பது:
அதில் சரக்கின் பேர் இல்லை.
தேதியோடு நிறுத்திவிட்டேன்.
அன்றைக்குக் கோப்பை ஒன்றுகூட உடையவில்லை.

வண்டியினால்தான் என்று சொல்ல முடியாது,
மூணாம் மாசத்தில் இப்படி ஆவது உண்டு
என்றார் டாக்டரம்மா.
மாயழகும் தலையாட்டினான்.
வெளியே வந்து டயரை ஓர் உதை விட்டான்.
அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

இந்தத் தையில்தான்
தெற்குவாசல் பாலத்துப் பக்கம் சேக் முதார் பட்டறையில்
வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான்.
முதார் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார்.
'மூணாவது பட்டை விரிசல். அஞ்சாவது
எப்பவோ செத்துப்போச்சு, சும்மா கூட வருது.'
புதுசாக ஏழு பட்டை, வளைவு கூட்டி,
யு போல்ட், பித்தளை புஷ்,
ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர்,
கூலியோடு முப்பத்தெட்டாயிரம்.
என் சங்கிலி போய் அடகுக்கடையில் உட்கார்ந்தது.

கோப்பை ஒன்று இருபத்திரண்டு ரூபாய்.
ஆயிரத்து எழுநூறு கோப்பைக்கு மேல் உடைந்தால்தான்
இந்தச் செலவு தகும்.
'ஏழு வருசத்துல இருநூறுகூட உடையல,
எதுக்கு இம்புட்டு?' என்றேன்.
போல்ட்டுக்கு கிரீஸ் பூசிக்கொண்டிருந்தவன்
நிமிரவில்லை.
'நோட்டை நானும் படிச்சேன்' என்றான்.

முதார் ஒரு டம்ளரில் தண்ணீரைத் தளும்ப ஊற்றிக்
கட்டில்மேல் வைத்துக் கதவைச் சாத்தினார்.
கப்பலூர் வரை போய்த் திரும்பினோம்.
முன்சீட்டில் நான்.
பின்னால் சரக்கை யாரும் பிடிக்கவில்லை.
பரங்குன்றத்து மலை இவ்வளவு தூரம்
கூடவே வரும் என்று எனக்குத் தெரியாது.
வேகத்தடைக்கெல்லாம் இவன்
பழைய வண்டிக்குப் போலவே
நின்று, தவழ்ந்து, ஏறி இறங்கினான்.
பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே
எங்கள் வம்சத்தைத் திட்டித் தீர்த்தான்.

திறந்து பார்த்தால்
டம்ளரில் ஒரு விரல் குறைவு, போர்வையில் ஈரம்.
'அம்புட்டும் நிக்காது தாயி' என்றார் முதார்.
'ரோடுன்னு ஒண்ணு இருக்குல்ல.'

இனி படிக்குக் கீழே ஒரு செங்கல் வேண்டும்.
தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடுகிறது.
இழுக்கும் கொக்கியையும் உயர்த்த வேண்டுமாம்,
அது தனிச் செலவு.
நோட்டை எடுத்துத் தேதி போட்டேன்.
மதுரை – கப்பலூர்
என்று எழுதி, கொஞ்சம் யோசித்து:
தண்ணீர், ஒரு விரல்.